விளையாட்டுக்குக் கொடுக்கும் காசு யாரைச் சென்றடைகிறது?

(எமது கல்லூரி நூற்றாண்டு நிறைவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் சங்கப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எமது செயலாளர் தங்கச்சி தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, விளையாட்டைப் பற்றி ஒரு இருபது நிமிடம் கதையுங்கோ" என்றார். "நான் கணக்காளர் அம்மா, விளையாட்டைப் பற்றிக் கதைக்கச் சொன்னால் காசைப் பற்றித்தான் கதைப்பேன்" என்றேன். "அதுதான் அக்கா வேணும்" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது இன்றைய நிகழ்ச்சி நிரலைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. தேநீர் இடைவேளைக்குப் பின்னர் நூற்றாண்டு விளையாட்டு நிதியத்தைப் பற்றி நாங்கள் வாக்களிக்க இருக்கின்றோம்.

இரண்டு பிரேரணைகள் முன்வைக்கப்பட்டுள்ளன. ஒன்று, வலைப்பந்தாட்ட முதல் அணிக்கு முழுநேரப் பயிற்றுவிப்பாளர் ஒருவரை நியமித்து, வெளிமாவட்டப் போட்டிகளுக்குச் செல்லும் செலவையும் நிதியமே ஏற்பது. மற்றையது, மைதானத்தைத் திருத்தி, எல்லாப் பிள்ளைகளும் பின்னேரங்களில் விளையாட வழி செய்வது. இரண்டையும் கொண்டுவந்தவர்கள் கல்லூரியில் பற்றுள்ளவர்கள். எந்தப் பக்கத்தையும் குறை கூற நான் வரவில்லை. அமெரிக்காவில் ஒரு சிறிய தனியார் கல்லூரியின் கணக்குப் பிரிவில் பல வருடங்கள் வேலை செய்தவள் என்ற முறையில், இதே கேள்வியோடு மல்லாடிய இரண்டு பெண்கள் கல்லூரிகளின் கதையை உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் அந்த நாட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அங்கே பல்கலைக்கழக விளையாட்டு ஒரு பெரிய தொழில். பயிற்றுவிப்பாளர்களுக்குச் சம்பளம், அணிகளுக்குப் பஸ், விமானம், தங்குமிடம், காயம்பட்டால் பார்க்கத் தனி ஆட்கள் என்று செலவு நீண்டுகொண்டே போகும். என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பில் ஏறக்குறைய 1,100 கல்லூரிகள் மூன்று பிரிவுகளாக இருக்கின்றன. தொலைக்காட்சியில் நாங்கள் பார்க்கும் பெரிய மைதானங்களும் ஆரவாரமும் முதலாம் பிரிவுக்கு உரியவை. மூன்றாம் பிரிவில் இருப்பவை பெரும்பாலும் சிறிய கல்லூரிகள். அங்கே விளையாட்டுக்காகப் புலமைப்பரிசில் கொடுக்கக் கூடாது என்பது விதி.

விளையாட்டால் கல்லூரிக்கு வருமானம் வரும் என்று பலர் நினைக்கின்றார்கள். அந்த அமைப்பின் கணக்கின்படி, 2019 நிதியாண்டில் விளையாட்டால் ஈட்டிய வருமானம் விளையாட்டுக்கான செலவை மிஞ்சியது 25 நிறுவனங்களில் மட்டுமே. 1,100 இல் 25. மற்ற எல்லோரும் மாணவர் கட்டணத்திலிருந்தோ, பொது நிதியிலிருந்தோ, பழைய மாணவர்களின் நன்கொடையிலிருந்தோ துண்டு விழும் தொகையை நிரப்புகின்றார்கள். முதலாம் பிரிவிலுள்ள சில வசதி குறைந்த பல்கலைக்கழகங்கள், பெரிய பல்கலைக்கழகத்தின் மைதானத்துக்குப் போய்த் தோற்றுவிட்டு வருவதற்கே காசு வாங்குகின்றன. ஒரேயொரு அமெரிக்க உதைபந்தாட்டப் போட்டிக்கு ஒரு மில்லியன் டொலருக்கு மேல் வாங்கியவையும் உண்டு. அந்தக் காசில்தான் மற்ற அணிகள் வருடம் முழுவதும் ஓடுகின்றன. அடி வாங்கப் போகும் பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

அப்படியானால் சிறிய கல்லூரிகள் ஏன் அணிகளை வைத்திருக்கின்றன? ஒரு கணக்கு உண்டு. உதாரணத்துக்கு, 30 பேர் கொண்ட ஒரு அணி என்று வைத்துக்கொள்வோம். சலுகைகள் எல்லாம் கழித்து ஒவ்வொரு மாணவியும் வருடத்துக்கு 15,000 டொலர் கட்டணம் செலுத்துகின்றார். மொத்தம் 450,000 டொலர். அணிக்கான செலவு 200,000 டொலர். ஆகவே 250,000 டொலர் மிச்சம் என்று விளையாட்டுப் பணிப்பாளர் எழுதிக்கொண்டு வருவார். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

கணக்குப் பிரிவில் இருப்பவள் அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்த அணி இல்லாவிட்டால் இவர்களில் எத்தனை பேர் எங்கள் கல்லூரிக்கு வராமல் விட்டிருப்பார்கள்? 30 பேரில் 20 பேர் எப்படியும் வந்திருப்பார்கள் என்றால், அணி கொண்டுவந்தது 10 பேரை மட்டுமே. அவர்களுடைய கட்டணம் 150,000 டொலர். செலவோ 200,000 டொலர். இலாபம் என்று எழுதப்பட்டது 50,000 டொலர் நட்டமாக மாறிவிடும். காசு அதேதான், அணியும் அதேதான். கேள்வி மட்டும் வேறு.

"இந்தக் காசு இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும்?" இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கல்லூரிகளையும் பாருங்கள்.

முதலாவது இம்மாக்குலாட்டா கல்லூரி. பென்சில்வேனியாவில் பிலடெல்பியா நகருக்கு மேற்கே கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்திய சிறிய பெண்கள் கல்லூரி. 1967 இல் அவர்களுடைய உள்ளக விளையாட்டரங்கு தீப்பற்றி எரிந்துபோனது. 1970 இல் கதி ரஷ் என்ற இளம் பெண் கூடைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளராக வந்தபோது சொந்த அரங்கு இல்லை. அவருக்கு வருடச் சம்பளம் 450 டொலர். பிள்ளைகள் கம்பளித் துணியில் தைத்த பழைய உடுப்போடு விளையாடினார்கள்.

1972 இல் பெண்களுக்கான தேசிய கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி இலினோய் மாநிலத்தில் நடந்தது. இவர்கள் தெரிவு செய்யப்பட்டார்கள், ஆனால் போவதற்குக் காசு இல்லை. நாங்கள் ரோல்ஸும் வடையும் விற்று, அதிர்ஷ்ட இலாபச் சீட்டுக் கிழித்துக் காசு சேர்த்தது போல, அவர்கள் பற்தூரிகை விற்றார்கள். அப்படியும் 11 பேரில் 8 பேருக்குத்தான் காசு போதியது. அந்த 8 பேரும் விமானத்தில் இடம் மிஞ்சினால் ஏறலாம் என்ற வகை ரிக்கற்றில் போனார்கள். 16 அணிகளில் 15 ஆவது இடத்தில் தரப்படுத்தப்பட்டவர்கள், இறுதிப் போட்டியில் வெஸ்ற் செஸ்ரர் அணியை 52க்கு 48 என்று வென்றார்கள். சில நாட்களுக்கு முன்னர்தான் அதே அணியிடம் 32 புள்ளிகளால் தோற்றிருந்தார்கள்.

அடுத்த இரண்டு வருடங்களும், 1973 இலும் 1974 இலும், அவர்களே தேசிய வெற்றியாளர்கள். ஒரு வீராங்கனையின் பெற்றோர் நடத்திய இரும்புக் கடையிலிருந்து வந்த வாளிகளைத் தட்டித் தட்டிக் கன்னியாஸ்திரிகள் ஆரவாரம் செய்தது அந்த நாட்டில் இன்றும் பேசப்படுகின்றது. எங்கள் மதர் சுப்பீரியரை வாளியும் கையுமாக நினைத்துப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கின்றது. 1975 இல் நியூயோர்க் மடிசன் ஸ்குவெயர் கார்டனில் இவர்கள் விளையாடியபோது ஏறக்குறைய 12,000 பேர் பார்க்க வந்தார்கள்.

அதன் பிறகு ஒரு தேசியப் பட்டமும் இல்லை. ஏன்? 1972 ஜூன் 23 இல் அந்த நாட்டில் ஒரு சட்டம் வந்தது. ரைற்றில் நைன் என்று சொல்வார்கள். அரச நிதி பெறும் கல்வி நிறுவனம் எதுவும் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். உயர்நிலைப் பாடசாலைகளில் விளையாடிய பெண் பிள்ளைகளின் தொகை 1971-72 இல் ஏறக்குறைய 294,000. இன்று அது மூன்று மில்லியனுக்கு மேல். பெண்களுக்குக் கிடைத்த பெரிய நீதி அது. பெரிய அரச பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கும் விளையாட்டுப் புலமைப்பரிசில் கொடுக்கத் தொடங்கின. பற்தூரிகை விற்ற கல்லூரியால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 1975 இலும் 1976 இலும் இறுதிப் போட்டி வரை வந்து, மிசிசிப்பி மாநிலத்து டெல்ரா ஸ்ரேற்றிடம் தோற்றார்கள். இன்று அந்தக் கல்லூரி மூன்றாம் பிரிவில் அமைதியாக விளையாடிக்கொண்டிருக்கின்றது.

காசெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. அந்த அணியில் விளையாடிய திரேசா கிரென்ஸ் 1992 ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளர். மரியான் ஸ்ரான்லி ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்தை மூன்று முறை தேசியப் பட்டம் வெல்ல வைத்தவர். 2014 இல் முழு அணியுமே கூடைப்பந்தாட்டப் பெருமை மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. பட்டம் மூன்று வருடம்தான் நின்றது, ஆனால் அந்தப் பெண்கள் அடுத்த தலைமுறையைப் பயிற்றினார்கள். ஒரு நல்ல அணி இதைச் செய்யும். அணி வேண்டும் என்று வாதிடும் எங்கள் சகோதரிகள் சொல்வதில் நியாயம் உண்டு.

ஆனாலும் 1972 இல் விமானம் ஏறாமல் வீட்டில் நின்ற அந்த மூன்று பேரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. வெற்றிக் கதைகளில் அவர்கள் ஒரு எண்ணிக்கையாக மட்டுமே வருகின்றார்கள்.

இரண்டாவது, அற்லான்ரா நகரிலுள்ள ஸ்பெல்மன் கல்லூரி. கறுப்பினப் பெண்களுக்காக 1881 இல் தொடங்கப்பட்டது. அங்கே 2012 இல் ஏறக்குறைய 2,100 மாணவிகள். ஏழு விளையாட்டு அணிகளில் ஏறக்குறைய 80 பேர். இந்த அணிகளுக்கு வருடச் செலவு ஏறக்குறைய 900,000 டொலர். கூட விளையாடிய கல்லூரிகள் போட்டிக் குழுவை விட்டு விலகிக்கொண்டிருந்தன. தொடர்வதானால் வசதிகளைப் பெருமளவில் மேம்படுத்த வேண்டியிருந்தது.

அப்போது கல்லூரித் தலைவராக இருந்தவர் உளவியலாளர் பெவர்லி டானியல் ரேற்றம். தங்கள் மாணவிகளில் கணிசமானோருக்கு இளவயதிலேயே உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, உடற்பருமன் என்று ஏதோவொன்று இருப்பது அவருக்குத் தெரியும். அணிகளில் விளையாடும் பிள்ளைகளும் பட்டம் பெற்றுப் போனபின் அந்த விளையாட்டைத் தொடர்வார்களா என்று யோசித்தார். 2012 நவம்பரில் முடிவு அறிவிக்கப்பட்டது. 2013 இல் ஸ்பெல்மன் கல்லூரி என்.சி.ஏ.ஏ. போட்டிகளிலிருந்து முற்றாக விலகியது. அந்தக் காசு எல்லா மாணவிகளுக்குமான நடை, நீச்சல், யோகா, உடற்பயிற்சி வகுப்புகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. பழைய உடற்பயிற்சிக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டு 2015 இல் உடல்நல நிலையமாகத் திறக்கப்பட்டது.

கணக்கைப் பாருங்கள். 900,000 டொலரை 80 ஆல் பிரித்தால் ஆளுக்கு 11,250 டொலர். 2,100 ஆல் பிரித்தால் ஏறக்குறைய 430 டொலர். தலைவர் இரண்டாவது பிரித்தலைத் தெரிவு செய்தார். அந்த 80 பேருக்கும் அது இழப்புத்தான். அவர்களின் இடத்தில் நான் இருந்திருந்தால் அழுதிருப்பேன். அதே வேளை, மிகுதி 2,000 பேரைப் பற்றி அதுவரை யார் அழுதார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கின்றது.

சகோதரிகளே, இனி எங்கள் வீட்டுக்கு வருவோம்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன். 200 மீற்றர் ஓட்டத்தில் அவரை எங்கள் இல்லத்தில் மட்டுமல்ல, மேல் வகுப்பிலும் ஒருவராலும் பிடிக்க முடியாது. பயிற்சி முடிய ஐந்தரை ஆகும். அவருடைய ஊருக்குக் கடைசி பஸ் நாலே முக்காலுக்கு. அந்த நாட்களில் பஸ் ஓடினதே பெரிய காரியம். இரண்டு கிழமை யாரோ ஒரு உறவினர் சைக்கிளில் வந்து ஏற்றிப்போனார். பிறகு அவரும் வரவில்லை. ஒரு நாள் அவர் பொறுப்பாசிரியையிடம் போய், "ரீச்சர், எனக்கு ஓட விருப்பமில்லை" என்று சொன்னார். ரீச்சர் அதை நம்பினார். நாங்களும் நம்பினது போல இருந்தோம்.

அஞ்சலோட்ட அணியில் அவருடைய இடத்தில் ஓடியது நான்தான். மாவட்ட மட்டத்தில் மூன்றாம் இடம். அந்தச் சான்றிதழை நான் நாடு விட்டு நாடு போகும்போதும் கொண்டுபோனேன், இன்றும் வைத்திருக்கின்றேன். அவர் இன்று இந்த மண்டபத்தில் இல்லை. எங்கள் அங்கத்தவர் பட்டியலில் அவருடைய பெயரைத் தேடினேன். அதிலும் இல்லை.

அவரை நிறுத்தியது திறமைக் குறைவு அல்ல, பயிற்றுவிப்பாளர் இல்லாத குறையும் அல்ல. ஒரு பஸ். இன்றைக்கும் எங்கள் பிள்ளைகள் பலரை நிறுத்துவது பெரிய விடயங்கள் அல்ல என்று உடற்கல்வி ஆசிரியை என்னிடம் சொன்னார். பயிற்சி முடிந்து இருட்ட முதல் வீடு போக வழியில்லை. இரண்டு மணிக்குப் பிறகு சாப்பிட ஒன்றுமில்லை. சப்பாத்து இல்லை. மாதத்தில் சில நாட்களுக்கு வேண்டிய பொருட்கள் இல்லை. கேட்க வெட்கம். ஆகவே "விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டுப் போகின்றார்கள்.

"இந்தக் காசு இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும்?" என்ற கேள்வியை இப்போது கேட்டுப் பாருங்கள். முதல் அணியிலுள்ள பிள்ளைகளில் அதிகமானோர், எங்கள் நிதியம் இல்லாவிட்டாலும் எப்படியோ விளையாடுவார்கள். பெற்றோர் கூட்டிக்கொண்டு போவார்கள். பஸ்ஸைத் தவறவிடுவதற்குப் பயப்படும் பிள்ளை எங்கள் காசு இல்லாவிட்டால் விளையாடவே மாட்டாள். ஒரே ஆயிரம் ரூபா இரண்டு இடங்களில் இரண்டு விதமாக வேலை செய்கின்றது.

இன்னுமொரு கணக்கையும் நான் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எனது தொழிலுக்குத் துரோகம். நூற்றாண்டு ஒருமுறைதான் வரும். பயிற்றுவிப்பாளரின் சம்பளம் மாதா மாதம் வரும். உதாரணமாக, 50 இலட்சம் ரூபாவை நிலையான வைப்பில் இட்டு 8 வீத வட்டி கிடைத்தால் வருடத்துக்கு 4 இலட்சம், மாதம் ஏறக்குறைய 33,000 ரூபா. இதில் முழுநேரப் பயிற்றுவிப்பாளர் ஒருவரை வைத்திருக்க முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள். வட்டி முழுவதையும் செலவழித்தால் முதலின் பெறுமதி கரைந்துகொண்டே போகும். 2022 இல் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியதை நாங்கள் யாரும் மறக்கவில்லை. முதலிலேயே கைவைத்தால் சில வருடங்களில் நிதியமும் இல்லை, பயிற்றுவிப்பாளரும் இல்லை. அதற்குப் பிறகு அணியைக் கலைக்கும் பொல்லாப்பு அப்போதைய அதிபரின் தலையில் விழும்.

மைதானத்துக்கும் இதே கணக்குத்தான். திருத்துவது ஒருமுறைச் செலவு, அதற்கு நூற்றாண்டுக் காசு பொருத்தம். ஆனால் புல் வெட்டவும், வடிகால் துப்புரவாக்கவும், கோடு போடவும் வருடாவருடம் யார் காசு தருவது? அதை எழுதாமல் மைதானத்தைத் திறந்து வைத்தால் இரண்டு மாரி போதும், பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஆகவே, இரண்டு பிரேரணைகளையும் கொண்டுவந்தவர்களிடம் எனது தாழ்மையான வேண்டுகோள்கள் சில.

முதலாவது, ஒருமுறை வரும் காசை ஒருமுறைச் செலவுக்கு வையுங்கள். மாதாந்தச் செலவுக்கு வட்டியில் ஒரு பகுதியையும், கிளைச் சங்கங்கள் வருடாவருடம் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் தொகையையும் மட்டுமே நம்புங்கள்.

இரண்டாவது, முதலில் பிரிக்கும் ரூபா பயிற்சி முடிந்து பிள்ளைகள் வீடு போகும் வாகனத்துக்கும், பின்னேரச் சிற்றுண்டிக்கும், சப்பாத்துக்கும் போகட்டும். யார் பெறுகின்றார்கள் என்ற விபரம் உடற்கல்வி ஆசிரியையோடு நிற்கட்டும். படம் எடுத்து முகநூலில் போட வேண்டாம். கேட்க வெட்கப்படும் பிள்ளைக்குக் கொடுக்கவும் ஒரு பண்பு வேண்டும்.

மூன்றாவது, பயிற்றுவிப்பாளரைப் பகுதிநேரமாக நியமியுங்கள். கிழமையில் பாதி நாட்கள் முதல் அணிக்கு, மற்றப் பாதி ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்று நியமனக் கடிதத்திலேயே எழுதுங்கள். நாளைய முதல் அணி அந்தச் சின்ன வகுப்புகளிலிருந்துதான் வர வேண்டும்.

நான்காவது, பொருளாளரின் ஆண்டறிக்கையில் எத்தனை கிண்ணம் வென்றோம் என்பதற்குப் பக்கத்தில், எத்தனை பிள்ளைகள் பின்னேரம் மைதானத்தில் நின்றார்கள் என்ற எண்ணும் வரட்டும். கிண்ணம் ஒரு வருடம் வரும், ஒரு வருடம் வராது. இரண்டாவது எண் குறைந்தால், எங்கேயோ ஒருத்தி பஸ்ஸுக்குப் போய்விட்டாள் என்று எங்களுக்குத் தெரிய வரும்.

இம்மாக்குலாட்டாவும் எங்களுக்கு வேண்டும், ஸ்பெல்மனும் எங்களுக்கு வேண்டும் என்று நான் பேராசைப்படுகின்றேன் என்று சிலர் சொல்லலாம். நாங்கள் அவர்களைவிடச் சிறியவர்கள், எங்களுடைய தொகையும் சிறியது. அதனால்தான் ஒவ்வொரு ரூபாவையும் எங்கே வைத்தால் அது அதிகம் வேலை செய்யும் என்று பார்க்க வேண்டியிருக்கின்றது. பெரிய காசுக்காரருக்கு அந்தக் கவலை இல்லை.

வாக்களிக்கும்போது நீங்கள் எந்தப் பக்கம் கை தூக்கினாலும் எனக்குச் சம்மதம். ஆனால் கை தூக்குவதற்கு முன்னர், உங்கள் வகுப்பில் "விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டுப் போன ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் ஒருத்தி இருந்திருப்பார். யாருக்காவது அவருடைய விலாசம் தெரிந்திருந்தால், போகும்போது செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நூற்றாண்டு மலர் ஒன்றாவது அவர்களுக்கும் போய்ச் சேரட்டும்.